நம்பாதவர்களுக்குக் கணக்குத் தெரியும்

விலைவாசி ஏறும்போதெல்லாம் ஒரு கருத்தும் கூடவே கிளம்பிவிடுகிறது. பெரிய கடைகள் போட்டி போட்டுக்கொண்டு விலையைக் குறைக்கின்றன, சனங்கள்தான் நம்ப மறுக்கிறார்கள் என்பது அந்தக் கருத்து. பொருளாதாரப் பத்தி எழுதுகிறவர்கள், சில்லறை வணிக ஆலோசகர்கள், தொலைக்காட்சி விவாதத்துக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் இதைத் தத்தம் பாணியில் சொல்கிறார்கள். தக்காளி ஏறியதை வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும் குடும்பத்தலைவி, அது இறங்கியதை மறுவாரமே மறந்துவிடுகிறாளாம். பாதி விலை என்று பலகை வைத்தாலும் இதில் என்ன தில்லுமுல்லோ என்று சந்தேகப்படுகிறாளாம். ஆக, இந்த அவநம்பிக்கை ஒரு மனப்பிராந்தி. கொஞ்சம் விழிப்புணர்வு ஊட்டினால் தெளிந்துவிடும்!

இதை மறுக்க வேண்டும் என்றால் மந்திர் மார்க்கிலிருந்து மறுப்பதுதான் பொருத்தம்.

தில்லித் தமிழர்களுக்கு இந்தத் தெருவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ரீடிங் ரோடு. 1939-இல் காந்தி திறந்துவைத்த பிர்லா மந்திர், பக்கத்திலேயே வங்காளிகளின் காளி பாரி, நம் பிள்ளைகள் படிக்கும் டி.டி.இ.ஏ. தமிழ்ப் பள்ளி, கொஞ்சம் நடந்தால் கோல் மார்க்கெட். சுற்றிலும் பெரும்பாலும் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள். அந்தக் கடைசி விஷயம்தான் இங்கே முக்கியம். விலைவாசிக் குறியீட்டெண் என்றால் என்ன என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம், சம்பளமே அதில்தான் தொங்குகிறது. ஜனவரிக்கும் ஜூலைக்கும் அகவிலைப்படி எத்தனை சதவீதம் ஏறும் என்பதை, தொழிலாளர் துறை மாதாமாதம் வெளியிடும் எண்களை வைத்து, அமைச்சரவை கூடுவதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும் குமாஸ்தாக்கள் இங்கே பிளாக்குக்குப் பிளாக் உண்டு. 2020 ஜனவரியிலிருந்து 2021 ஜூன் வரை பதினெட்டு மாதம் அந்த உயர்வை நிறுத்திவைத்ததில் தன் வீட்டுக்கு எவ்வளவு போயிற்று என்று பைசா சுத்தமாகச் சொல்வார்கள். 2025 ஜனவரித் தவணை வெறும் 2 சதவீதம், ஜூலைத் தவணையில்தான் மொத்தம் 58-ஐ எட்டியது என்பதெல்லாம் இங்கே காலை நடைப்பயிற்சிப் பேச்சு.

இப்படிப்பட்டவர்கள்தான் சூப்பர் மார்க்கெட் பலகையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்கள். இவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று சொல்கிறவர்கள், இவர்கள் போடும் கணக்கை ஒரு தடவையாவது எதிரே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

முதல் கணக்கு எம்.ஆர்.பி. பொட்டலத்தின் மேல் அதிகபட்ச சில்லறை விலையை, எல்லா வரியும் சேர்த்து, அச்சிட வேண்டும் என்று 1990-இல் விதி வந்தது. அதற்கு மேல் விற்றால் குற்றம். நல்ல விதிதான். அண்ணாச்சி கடையிலும் ரயில் நிலையத்திலும் வாங்குகிறவனை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்த எண்ணை முடிவு செய்கிறவன் தயாரிப்பாளன். இவ்வளவுதான் போடலாம் என்று பெரும்பாலான பொருட்களுக்கு எந்த வரம்பும் கிடையாது. ஆகவே எம்.ஆர்.பி.யில் 40 சதவீதம் தள்ளுபடி என்ற வாக்குறுதி, வாக்குக் கொடுக்கிறவனே தன் வசதிக்கு நட்டுக்கொண்ட ஒரு கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது. எடை போடுகிறவனே எடைக்கல்லையும் செதுக்கிக்கொள்வது போல.

சூப்பர் மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் அடைத்து விற்கும் பருப்பு, அரிசி, மசாலாவில் இது உச்சத்துக்குப் போகிறது. அங்கே தயாரிப்பாளன், கடைக்காரன் என்ற இரண்டு பேர்கூட இல்லை. உதாரணத்துக்கு, ஒரு கிலோ துவரம் பருப்புக்கு 260 ரூபாய் என்று அவனே அச்சிட்டு, அவனே அதை அடித்து, 159 என்று சிவப்பில் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லின் அடியில் 'நீங்கள் இன்று சேமித்தது ரூ. 101' என்று வேறு விழும். அந்தப் பருப்பை 260-க்கு யார் வாங்கினார்கள், எந்தத் தேதியில், எந்தக் கிளையில்? யாரும் வாங்கவில்லை என்றால் நூற்றியொரு ரூபாயைச் சேமித்தது யார்? 159 நியாயமான விலையாகவே இருக்கலாம். சில சமயம் சந்தையிலேயே குறைந்த விலையாகவும் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. விலை நியாயமாக இருக்கும்போதும் அதைப் பற்றிய பேச்சு பொய்யாக இருக்க முடியும் என்பதுதான் விஷயம். வாங்குகிறவள் பருப்பை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, பலகையை மட்டும் நம்பாமல் நகர்கிறாள். இதில் பிராந்தி எங்கே வந்தது?

இரண்டாவது கணக்கு அளவு. கோல் மார்க்கெட் பக்கத்துக் கடை ஒன்றில் எண்ணெய் அடுக்கின் முன் பத்து நிமிஷம் நின்று பார்த்தாலே போதும். ஒன்று 1 லிட்டர், அடுத்தது 850 மில்லி, அதற்கடுத்தது 800 கிராம். மூன்று பைகளும் ஒரே உயரம், ஒரே பருமன், பளபளப்பும் ஒன்றே. இந்த இந்தப் பொருளை இந்த இந்த அளவில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு ஒரு பட்டியல் சட்டத்தில் இருந்தது. 2021 நவம்பரில் அறிவித்த திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று அச்சிடச் சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பையின் முதுகில், தேதிக்கும் பேட்ச் எண்ணுக்கும் நடுவே, புள்ளிப் புள்ளியாக அடித்த எழுத்தில் அது இருக்கிறது. மூக்குக்கண்ணாடியோடு போன ஒரு மாமி அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, விரலால் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தார்.

படித்தும் பிரயோசனம் இல்லை என்பதுதான் வேடிக்கை. விதிப்படி, ஒரு கிலோவுக்குக் குறைவான பொட்டலத்தில் கிராமுக்கு விலை, கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்கு விலை. தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்த வேண்டும். அதாவது 900 கிராம் பையில் 0.15 என்று இருக்கும், பெரிய பையில் 148 என்று இருக்கும். 0.15 என்பது கிலோவுக்கு 145 ரூபாயிலிருந்து 155 ரூபாய் வரை எதுவாகவும் இருக்கலாம். பத்து ரூபாய் அந்த இரண்டு இலக்கத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. விலை ஒப்பிடுவதற்காகப் பிறந்த ஒரு விதி, ஒப்பிட முடியாதபடி இரண்டு அலகுகளில் பேசுகிறது. இதை எழுதிய அதிகாரியும் இந்தக் குடியிருப்பில்தான் எங்கோ இருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

எண்ணெயில் இன்னொரு கூத்தும் உண்டு. எண்ணெய் சூடானால் விரியும். 60 டிகிரியில் அளந்தால் ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 892.6 கிராம்தான். 21 டிகிரியில் அதே ஒரு லிட்டர் 919.1 கிராம். பையின் மேல் லிட்டரைப் போட்டு, அதன் பக்கத்தில் சின்னதாக வெப்பநிலையையும் போட்டு, 60 டிகிரிக் கணக்கில் சில நிறுவனங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. தில்லியின் மே மாத வெயிலில்கூட எந்தக் கடையின் அலமாரியும் 60 டிகிரிக்குச் சூடாவதில்லை. 2022 ஆகஸ்டில் நுகர்வோர் துறையே தலையிட்டு, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவைப் போடுங்கள், எடையையும் சரியாகப் போடுங்கள் என்று 2023 ஜனவரி 15 வரை கெடு கொடுத்தது. கவனியுங்கள், உக்ரைன் போருக்குப் பிறகு சமையல் எண்ணெய் விலை கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. எண்ணெய் முன்னைப் போல வரமாட்டேன் என்கிறது என்று அடுக்களையில் முணுமுணுத்தவர்களைப் பழமைவாதிகள் என்றவர்கள், கெடு வந்த அன்று என்ன சொன்னார்களோ!

அதே 2022-இல்தான் பத்து ரூபாய் விம் பார் 155 கிராமிலிருந்து 135 கிராம் ஆயிற்று. பத்து ரூபாய் ஹால்திராம் ஆலு புஜியா 55 கிராமிலிருந்து 42 ஆயிற்று. பத்திரிகைகளில் வெளிப்படையாக வந்த செய்திகள் இவை, நிறுவனங்கள் ஒளித்துச் செய்யவில்லை என்றும் வாதிடலாம். எடையை அச்சிட்டுத்தான் விற்றார்கள். ஆனால் புஜியாவில் விலை மாறாமலேயே கிராமுக்கு 31 சதவீதம் ஏறிவிட்டது. பொருட்களின் விலையை ஏற்றவில்லை என்ற பெருமிதத்துக்கு இதில் இடம் எங்கே இருக்கிறது? 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் தமிழ்நாட்டில் 26 கிலோ மூட்டை பிறந்தது நினைவிருக்கும். அது வாங்குகிறவனுக்கும் வரியை மிச்சப்படுத்தியது, கோபமில்லை. ஆனால் அளவு என்பது விற்கிறவன் வசதிக்கு வளைகிற சங்கதி என்று அந்த மூட்டை ஊருக்கே பாடம் நடத்திவிட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தெருமுனை மளிகைக்கடைக்காரர் தெய்வம், சூப்பர் மார்க்கெட்காரன் அரக்கன் என்ற பாட்டை நான் பாட வரவில்லை. தெருமுனைக்காரர் எம்.ஆர்.பி.யில் பத்துப் பைசா குறைக்க மாட்டார். சில்லறைக்குப் பதில் மிட்டாய் தருவார். மார்க்கெட்டில் தக்காளி இறங்கி நாலு நாள் கழித்துத்தான் தள்ளுவண்டியில் இறங்கும். ஆனால் நீங்கள் சேமித்தீர்கள் என்று அவர் பில் அடித்துத் தருவதில்லை. கொடுக்காத வாக்கை அவர் மீறவும் முடியாது.

இனி எதிர்த்தரப்பின் ஆயுதங்களுக்கு வருவோம். அவை மொன்னையானவை அல்ல.

ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தில்லி, சென்னை உட்படப் பல நகரங்களில் குடும்பங்களைக் கேட்கிறது: இப்போது விலைவாசி எவ்வளவு ஏறியிருப்பதாக உணர்கிறீர்கள்? வரும் பதில் அநேகமாக எப்போதும் அரசாங்க எண்ணைவிட அதிகம். பார்த்தீர்களா, சனங்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்பது வாதம். 2025 அக்டோபரில் நுகர்வோர் விலைப் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம், உணவுப் பொருள் விலை முந்தைய அக்டோபரைவிட 5 சதவீதம் இறங்கியேவிட்டது. அப்போதும் விலை இறங்கியதாக யாரும் சந்தோஷப்படவில்லையே?

ஏன் சந்தோஷப்பட வேண்டும்? 2024 அக்டோபரில் உணவு விலை ஒரே வருஷத்தில் 10.87 சதவீதம் ஏறியிருந்தது. 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்கு நிரம்பிய பை, அடுத்த அக்டோபரில் 111 கேட்டது, அதற்கடுத்த அக்டோபரில் 105 கேட்டது. 111-இலிருந்து பார்க்கிறவருக்கு இறக்கம், 100-இலிருந்து பார்க்கிறவருக்கு ஏற்றம். இரண்டு பேருமே தவறில்லை. எந்த வருஷத்தை ஆரம்பமாக வைத்துக்கொள்வது என்பதில்தான் சண்டை. பலகை எழுதுகிறவன் 111-ஐத் தேர்ந்தெடுக்கிறான், மாதச் சம்பளக்காரன் தன் சம்பளம் கடைசியாக ஒழுங்காக எட்டிய வருஷத்தைத் தேர்ந்தெடுக்கிறான். முதலாமவன் செய்தால் வியாபார உத்தி, இரண்டாமவன் செய்தால் மிகைப்படுத்தலா?

இன்னொரு ஆயுதம் லண்டனிலிருந்து வருகிறது. அங்கே சூப்பர் மார்க்கெட்டுகள் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு விலை, இல்லாதவருக்கு ஒரு விலை என்று வைத்தன. சாதாரண விலையை வேண்டுமென்றே ஏற்றிவிட்டு அட்டை விலையைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் சந்தேகப்பட்டார்கள். அந்நாட்டுப் போட்டி ஆணையம் ஏறக்குறைய 50,000 பொருட்களின் விலை வரலாற்றைப் புரட்டிப் பார்த்து, 92 சதவீதத்தில் சேமிப்பு உண்மைதான் என்று 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. ஆக, சந்தேகம் தப்பு!

சரி, தப்பாகவே இருக்கட்டும். ஆனால் அது தப்பு என்று தெரிந்தது எப்படி? கடைக்காரன் சத்தியம் செய்ததாலா? கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவா என்று கேட்க ஒருவருக்கு அதிகாரம் இருந்தது, கேட்டார், பார்த்தார், பார்த்ததை வெளியே சொன்னார். அதே 2024-இல் செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் அதே மாதிரிப் புரட்டிப் பார்த்துவிட்டு உல்வொர்த்ஸ், கோல்ஸ் என்ற இரண்டு பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளை நீதிமன்றத்துக்கு இழுத்தது. குற்றச்சாட்டு இதுதான்: பல காலம் ஒரே விலையில் இருந்த பொருளைக் குறைந்தது 15 சதவீதம் ஏற்றி, சில வாரம் அப்படியே வைத்திருந்து, பிறகு 'விலை இறங்கியது' என்று சீட்டு ஒட்டி, பழைய விலைக்குச் சமமாகவோ அதற்கும் மேலாகவோ விற்றார்கள். உல்வொர்த்ஸில் 266 பொருட்கள், கோல்ஸில் 245 என்றது ஆணையம். நிறுவனங்கள் மறுத்து வாதாடின. மெல்போர்னில் இட்லி அரிசி வாங்கும் நம் ஆட்களும் இந்தச் சீட்டைப் பார்த்திருப்பார்கள். ஒரு நாட்டில் சந்தேகம் பெருமளவு பொய்த்தது, இன்னொன்றில் வழக்குவரை போயிற்று. இரண்டிலும் சந்தேகத்தைப் பரிசோதித்தார்கள். நம்மிடம் பரிசோதிக்கிற ஆளே இல்லாமல், சந்தேகப்படாதே என்ற அறிவுரை மட்டும் இருக்கிறது.

இருந்த ஆளையும் அனுப்பிவிட்டோம் என்பதுதான் என் முக்கியக் குற்றச்சாட்டு.

ஜி.எஸ்.டி. வந்தபோது, வரி குறைந்தால் அந்தப் பலன் வாங்குகிறவனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அதைக் கவனிக்க 2017-இல் கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் ஒன்றை வைத்தார்கள். அதற்காகப் புலன் விசாரணை செய்த தலைமை இயக்குநரகம் எங்கே இருந்தது தெரியுமா? மந்திர் மார்க்கிலிருந்து நடந்தே போய்விடலாம், கோல் மார்க்கெட் பாய் வீர் சிங் மார்க்கில், ஒரு பஞ்சாபி இலக்கியக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. அங்கே தயாரான அறிக்கைகளின் பேரில்தான் ஆணையம் தீர்ப்புச் சொன்னது. 2017 நவம்பரில் பல பொருட்களுக்கு வரி 28-இலிருந்து 18 ஆனபோது பலனை முழுதாகக் கொடுக்கவில்லை என்று ஹிந்துஸ்தான் யூனிலீவருக்கு எதிராக 2018 டிசம்பரில் 383 கோடி ரூபாய்க் கணக்குத் தீர்த்தது. டோமினோஸ் பீட்சா விற்கும் ஜூபிலன்ட் நிறுவனத்துக்கு 2019 ஜனவரியில் 41 கோடிக்கு மேல். நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை, சட்டமே செல்லாது என்று தில்லி உயர் நீதிமன்றம் போயின. சட்டம் செல்லும் என்று 2024 ஜனவரியில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு தனிக் கணக்கும் சரியா என்பது வேறு விஷயம். அந்த ஆணையத்தின் கணக்கு முறையில் ஓட்டைகள் இருந்தன என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடந்தது என்ன? 2022 கடைசியில் ஆணையத்தின் வேலையை இந்தியப் போட்டி ஆணையத்திடம் கொடுத்தார்கள். பிறகு அங்கிருந்தும் மாற்றினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் புதுப் புகாரே வாங்குவதில்லை என்று அறிவித்தார்கள். ஐந்தே முக்கால் மாதம் கழித்து, செப்டம்பர் 22 அன்று, ஜி.எஸ்.டி. வரலாற்றிலேயே பெரிய வரிக்குறைப்பு வந்தது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கின. பூட்டைக் கழற்றி எடுத்துப் போன பிறகு வாசலில் தோரணம் கட்டினார்கள். தோரணத்தைப் பார்த்துச் சிரிக்காதவனை உம்மணாமூஞ்சி என்கிறார்கள்.

அந்தச் சமயத்தில் நடந்த ஒன்றை எதிர்த்தரப்பு ஆசையோடு எடுத்துக் காட்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த ஜி.எஸ்.டி. புகார்களில் பெரும்பங்கு பால் விலை பற்றியது: வரி குறைந்தும் பால்காரன் குறைக்கவில்லை என்று. விசாரித்தால், பாக்கெட்டில் வரும் சாதாரணப் பாலுக்கு முன்பும் வரி இல்லை, பின்பும் இல்லை. அட்டைப்பெட்டியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் பாலுக்குத்தான் வரி போயிற்று. சனங்கள் தப்பாகப் புரிந்துகொண்டு புகார் கொடுத்தார்கள். உண்மை. ஆனால் நாலு நாளாகச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் பால் விலை குறைந்தது என்று கொட்டை எழுத்தில் படித்தவர்கள்தானே அவர்கள்? விடிகாலையில் பூத் முன்னால் நிற்பவருக்கு எந்தப் பால் என்று சொல்ல யாரும் மெனக்கெடவில்லை. அவர்கள் செய்த ஒரே தப்பு விளம்பரத்தை நம்பியது. நம்பாதவர்களைத் திட்டுகிறவர்கள் நம்பினவர்களையும் திட்டினால், வாங்குகிறவர் எந்தப் பக்கம்தான் நிற்பது?

பிஸ்கட் கதை இன்னும் வேடிக்கை. 18 சதவீத வரியோடு 5 ரூபாய் என்றால், 5 சதவீத வரியில் 4 ரூபாய் 45 காசு வர வேண்டும். 55 காசை எந்தக் கடைக்காரர் எண்ணித் திருப்பித் தருவார்? காசு இருக்கிறதா அதற்கு? விலையை அப்படியே விட்டு எடையைக் கூட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விலை ஏறியபோது எடையை இறக்கியதே அதே பொட்டலத்தில்தான். பழைய எடையைக் கண்ணில் காட்டாமல் '20 சதவீதம் அதிகம்' என்று மூலையில் மஞ்சள் பட்டை அடித்தால், எதைவிட அதிகம் என்று கேட்கத்தான் கேட்பார்கள்.

அவநம்பிக்கை குணக்கோளாறு என்றால் அது எல்லா இடத்திலும் வெளிப்பட வேண்டும் அல்லவா? வெளிப்படவில்லை. 2023 ஜூலையில் தில்லியில் தக்காளி கிலோ 200-ஐத் தாண்டியது. ஜூலை 14 அன்று தேசியக் கூட்டுறவு நுகர்வோர் இணையம் வண்டிகளில் தக்காளியை ஏற்றிக்கொண்டு வந்து கிலோ 90 என்று விற்றது. ஒரு ஆளுக்கு 2 கிலோ. இரண்டே நாளில் 80, ஜூலை 20-இல் 70. சென்னையில் அதற்கு முன்பே ரேஷன் கடைகளில் 60-க்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பழம் ஒன்றும் பிரமாதம் இல்லை, அடியில் நசுங்கினது இரண்டு இருக்கும். ஆனால் நம் சந்தேகப்பிராணிகள் அத்தனை பேரும் வெயிலில் வரிசையில் நின்றார்கள். இதில் என்ன தில்லுமுல்லோ என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பொருள், ஒரு எடை, ஒரு விலை. 'வரை' என்ற சொல் கிடையாது, நட்சத்திரக் குறி கிடையாது, ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினால்தான் என்ற நிபந்தனை கிடையாது. கண்ணெதிரே சரிபார்க்க முடிந்த வாக்கை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

அந்த நவம்பரில் கேந்திரிய பண்டார் கூட்டுறவுக் கடைகளிலும் அரசின் பாரத் ஆட்டா வந்தது, கிலோ 27 ரூபாய் 50 காசு. அடுத்த வருஷம் 30 என்று ஏற்றியபோதும் ஏற்றினோம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். இருந்தால் வாங்கினார்கள், இல்லாவிட்டால் திட்டிவிட்டுப் போனார்கள். தமிழ்நாட்டு ரேஷனில் 2007-இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வெளிச்சந்தையில் பருப்பு எந்த உயரத்துக்குப் போனாலும் அந்த எண் அசையவில்லை. 2024 கோடையில் டெண்டர் தாமதத்தால் சரக்கே வராமல் போனது, மே மாதப் பருப்பை ஜூனில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மக்களுக்கு வந்த கோபம் சரக்கின் மேல்தான், விலையின் மேல் ஒருவரும் சந்தேகப்படவில்லை. சனங்களின் சந்தேகம் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அரசாங்கம் கொடுத்தால் எல்லா வாக்கும் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. தில்லிக்காரன் அப்படிச் சொல்லவே முடியாது. 1966 ஜூன் 6-இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்து, டாலருக்கு 4.76 என்பதை 7.50 ஆக்கினார்கள். விலை ஏறிவிடும் என்று ஊரே பயந்தது. அடுத்த மாதமே கன்னாட் பிளேஸில் சூப்பர் பஜார் திறந்தார்கள், விலையைக் கட்டிப்பிடித்து நிறுத்தப்போகும் கூட்டுறவுக் கடை என்று. ஒரு தலைமுறைத் தில்லித் தமிழர்கள் தீபாவளிப் புடவையிலிருந்து கடுகு வரை அங்கேதான் வாங்கினார்கள். நஷ்டத்தில் மூழ்கி, 2002-இல் மூடும் ஆணை வந்தது. 1998-இல் வெங்காயம் தில்லி ஆட்சியையே கவிழ்த்தபோது வண்டியில் வந்த மலிவு வெங்காயமும் தேர்தலுக்குள் போதுமான அளவு வந்துசேரவில்லை. அரசு வாக்கும் பொய்க்கும். ஆனால் பொய்த்தால் பொய்த்தது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். கடை காலியாக இருக்கும், அவ்வளவுதான். காலியான அலமாரியைத் தள்ளுபடி என்று யாரும் பெயர் மாற்ற முடியாது.

இப்போது இந்தச் சண்டை அலமாரியைவிட்டுக் கைப்பேசிக்குள் போய்விட்டது. பத்து நிமிஷத்தில் கொத்தமல்லி கொண்டுவருகிற செயலிகளில் முதலில் ஒரு விலை, கடைசித் திரையில் கையாளும் கட்டணம், மழைக் கட்டணம் என்று வேறொரு விலை. இப்படிச் சொட்டுச் சொட்டாக விலையைக் காட்டுவது ஏமாற்று உத்தி என்று 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே பட்டியல் போட்டுவிட்டது, மொத்தம் 13 உத்திகள். பட்டியலில் இருக்கும் உத்தியைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவருக்கு விழிப்புணர்வு போதாது என்று இன்னும் நுகர்வோரே விழித்தெழு என்னும் 'ஜாகோ கிராஹக் ஜாகோ' விளம்பரம் போடுகிறார்கள். கிராஹக் எப்போதோ எழுந்துவிட்டார். எழுந்ததால்தான் இந்தச் சந்தேகமே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு சின்ன விதி நடைமுறையில் இருக்கிறது. விலையைக் குறைத்தோம் என்று ஒரு கடை அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாட்களில் அந்தப் பொருளை விற்ற ஆகக் குறைந்த விலை எதுவோ அதை ஆதாரமாகக் காட்ட வேண்டும். ஏற்றிவிட்டு இறக்கும் வித்தை அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகிறது. அங்கேயும் இதைச் சுற்றிப்போக வழி தேடுகிறார்கள், வழக்குகள் நடக்கின்றன. இருந்தாலும் கேள்வி கேட்க ஒரு எண் இருக்கிறது. நம் ஊரில் இதைக் கொண்டுவரச் செலவு ஆகும், சிறு வியாபாரி நொடிந்துவிடுவான் என்பார்கள். சிறு வியாபாரியை விட்டுவிடுங்கள், அவர் தள்ளுபடிப் பலகையே வைப்பதில்லை. கணினியில் பில் போடும் சங்கிலிக் கடைகளுக்கு மட்டும் சொன்னால் போதும். ஒவ்வொரு பொருளும் எந்தத் தேதியில், எந்தக் கிளையில், என்ன விலைக்குப் போயிற்று என்பது அந்தக் கணினியில் ஏற்கெனவே கிடக்கிறது. என் கைப்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, போன மாதம் நான் எத்தனை பாக்கெட் டிக்காஷன் பொடி வாங்கினேன் என்பது வரை அதற்குத் தெரிகிறது. அந்தப் பொடியை எனக்குப் போன மாதம் என்ன விலைக்குக் கொடுத்தது என்பதை இந்த மாதத் தள்ளுபடிச் சீட்டில், 'சேமித்தது' என்ற வரிக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அடித்துத் தரட்டும்.